ஒரே கட்சிக்காரர்களை ஒரே குழுவில் போட்டவன்

போன மாதம், சிங்கப்பூரில் நான் வேலை பார்த்த கப்பல் பட்டறையின் பயிற்சிப் பிரிவிலிருந்து ஷர்மிளா என்று ஒரு பெண் போன் செய்தார். குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயதுக்குள் இருக்கும்.

"அங்கிள், புது சூப்பர்வைசர்ஸுக்கு டீம்வொர்க் பத்தி ஒரு கோர்ஸ் ரெடி பண்றோம். நீங்க எவ்வளவோ டீம் பார்த்திருப்பீங்க. கொஞ்சம் ஷேர் பண்ணுங்களேன். அதுக்கு முன்னால ஒரு ஃபார்ம் அனுப்புறேன், ஃபில் பண்ணிடுங்க. சிம்பிள்தான்."

ஃபார்ம் வந்தது. எல்லாவற்றையும் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பவருக்கு ஒரு ஓரம், அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவருக்கு மறு ஓரம். நடுவில் ஒன்று முதல் ஏழு வரை எண்கள். நம் அரசியல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று வட்டம் போட்டால், குழுவில் நாம் எவ்வளவு ஒத்துழைப்போம் என்பது தெரிந்துவிடுமாம். இது தெரியாமல் முப்பத்து நான்கு ஆண்டுகளை வெயிலில் வீணாக்கிவிட்டேன். எல்லாக் கேள்விக்கும் நான்கில் வட்டம் போட்டு அனுப்பினேன்.

"அங்கிள், எல்லாத்துக்கும் நாலு போட்டா சிஸ்டம் எடுத்துக்காது லா," என்று ஷர்மிளா மறுபடி போன் செய்தார்.

அரசியலுக்கும் ஒத்துழைப்புக்கும் என்ன சம்பந்தம் என்கிற ஆராய்ச்சியை ஃபார்ம் இல்லாமலே நான் ஒரு முறை செய்து பார்த்திருக்கிறேன், அதில் ஒருவருக்கு மூன்று விரல் போயிற்று என்று சொன்னேன். "அதை எழுதித் தர முடியுமா அங்கிள்?" என்றார். அதுதான் இது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் கிரேனை விட்டுத் தூக்கச் சொன்னேன். இதை அம்மா குடும்ப முன்னேற்றம் என்று சொல்லிக்கொண்டார். நான்கு ஆண்டு சுமை கட்டும் ரிகர், ஆறு ஆண்டு சைகை காட்டும் சிக்னல்மேன், இரண்டு பரீட்சை, ஒரு புதுத் தலைக்கவசம், அதன் பிறகு தூக்கும் வேலைக்கு சூப்பர்வைசர்.

சூப்பர்வைசர் என்றால் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். ஒரு ரிகர் சுமையைக் கட்டுவார். இரண்டாவது ரிகர் அதைச் சுற்றிப் பார்த்துச் சரி என்று தாளில் கையெழுத்துப் போடுவார். நான் கையைக் காட்டினால்தான் கிரேன் அசையும். ஆனால் நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும் உள்ளதல்ல. வழியில் போகிறவர், பெயின்ட் அடிக்கிறவர், கூட்டிப் பெருக்குகிறவர், யார் 'நிறுத்து' என்று கத்தினாலும் கிரேன் நிற்க வேண்டும். மறுபடி ஓட்டச் சொல்லும் அதிகாரம் மட்டும் என் ஒருவனுடையது. இந்தக் கதைக்கு இது முக்கியம்.

எனக்கு அரசியல் கிடையாது. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். எங்கள் புக்கிட் மேரா அடுக்குமாடி புளோக்கில் தேர்தல் வந்தால் ஒரு வரிசை வீடுகள் ஆளும் தரப்பு, எதிர் வரிசை எதிர்த் தரப்பு. நடைபாதையில் செருப்பு ஸ்டாண்டை வைக்காதீர்கள் என்று நோட்டீஸ் வந்தால் மட்டும் இரு வரிசையும் கொள்கை வேறுபாடின்றி ஒன்றுபட்டு அதை மதிக்காது. இதையெல்லாம் நடுவில் நின்று பார்த்துச் சிரிக்கிறவன் நான் என்பது என் எண்ணம்.

பட்டறையில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கிராஞ்சி தொழிலாளர் விடுதியிலிருந்து காலையில் லாரியில் வருவார்கள். உடம்பு இங்கே வேலை செய்யும், கட்சி அங்கே வேலை செய்யும். இரண்டு கட்சிகள். அவற்றின் பெயரை எழுத மாட்டேன். முதல் கட்சி, இரண்டாம் கட்சி என்றும் எழுத முடியாது. யார் முதல் என்று கேட்டு இப்போதும் எனக்குப் போன் வரும். ஆகவே செல்வராசு கட்சி, முருகேசன் கட்சி என்று வைத்துக்கொள்கிறேன்.

செல்வராசு பட்டுக்கோட்டைப் பக்கம். நல்ல உயரம், நல்ல குரல், தலைமை ரிகர். இங்கே அவர் கட்சிக்கு அதிகாரபூர்வமான கிளை எதுவும் இல்லை. அந்தக் குறையை அவரே தீர்த்துவைத்தார். தலைவர் பிறந்தநாளுக்கு விடுதியில் கேசரி கிண்டுவார். ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அங்குள்ள கட்சிக்காரரைப் பிடித்து ஆஸ்பத்திரியில் இடம் வாங்கித் தருவார். நல்ல மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவரிடம் உதவி வாங்காத ஆள் அவர் கட்சியில் இல்லை, அதனால் அவரை எதிர்த்துப் பேசும் ஆளும் இல்லை.

முருகேசன் அறந்தாங்கி. ஒல்லி. அவரும் ரிகர். எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிற கண். சோற்றில் கல் கிடந்தால் அதை எடுத்துப் போடாமல், எல்லோருக்கும் காட்டிய பிறகே சாப்பிடுவார்.

இவர்களுக்கெல்லாம் மேலே மிஸ்டர் லிம். பட்டறையின் மேலதிகாரி. குள்ளமான மனிதர். பிளாஸ்டிக் பையில் கட்டிய, பால் சேர்க்காத கோப்பி-ஓ எப்போதும் சுண்டுவிரலில் தொங்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு சுமையைப் பார்க்க வந்தால் முதலில் அதைச் சுற்றி நடப்பார். ஒரு சுற்று, ஒரு வாய் கோப்பி. மறு சுற்று, மறு வாய். பிறகு கட்டியவரை விட்டுவிட்டு இரண்டாவது ஆளைக் கூப்பிட்டு, "யூ சைன், யூ சீ?" என்பார். கையெழுத்துப் போட்டாயே, பார்த்தாயா என்று அர்த்தம். ஏன் கட்டியவரைக் கேட்பதில்லை என்று ஒரு முறை கேட்டேன். கட்டியவன் தான் கட்டியதைச் சரி என்றுதானே சொல்வான், அவனைக் கேட்டு என்ன பயன் என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல். மெதுவா, நிறுத்து, சாப்டாச்சா. பட்டறையை நடத்த அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

தமிழ்நாட்டில் தேர்தல் நெருங்கிய ஒரு வருடம். லாரியில் வரும்போது யாரோ போனில் ஒரு தலைவரின் பேச்சைச் சத்தமாக வைத்தார். எதிர்க்கட்சிக்காரர் அணைக்கச் சொன்னார். அணைக்கவில்லை. முருகேசன் அந்தப் பேச்சில் மூன்று பொய் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். செல்வராசு அவர் சட்டையைப் பிடித்தார். டிரைவர் லாரியைச் சாலை ஓரம் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். இருபது பேர் அரை மணி தாமதமாக வந்து, அன்று காலைக் கூட்டத்தில் இரண்டு பக்கமாகப் பிரிந்து, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாதுகாப்பு விதிகளை நான் இரண்டு முதுகு வரிசைக்கு வாசித்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. கலந்து போட்டால்தானே சண்டை, பிரித்துப் போட்டால்? அன்றே பெயர்ப் பட்டியலை மாற்றி எழுதினேன். செல்வராசு கட்சிக்காரர்கள் எல்லோரும் ஒரு குழு, முருகேசன் கட்சிக்காரர்கள் எல்லோரும் இன்னொரு குழு. லாரியும் தனித்தனி.

அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. செல்வராசு குழுவைப் பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அவர் 'ஸ்லிங்' என்று சொல்லி முடிப்பதற்குள் பட்டை கைக்கு வந்துவிடும். ஒருவர் சொல்ல மற்றவர் மறுத்து நான் பார்த்ததே இல்லை. காலையில் ஏழு சுமை தூக்கிய இடத்தில் ஒன்பது தூக்கினார்கள். முருகேசன் குழு கொஞ்சம் மெதுவாகத்தான் இருந்தது, அங்கே முருகேசன் இருந்தார் அல்லவா. நிர்வாகம் அந்தக் காலாண்டின் சிறந்த ஒத்துழைப்புக் குழு என்று எங்களுக்குச் சான்றிதழும் ஒரு கூடை பிஸ்கட்டும் கொடுத்தது. சான்றிதழைக் கண்ணாடி போட்டு என் மேசைக்குப் பின்னால் மாட்டினேன்.

மிஸ்டர் லிம் பட்டியலைப் பார்த்தார். இவர்கள் எல்லோரும் ஏன் ஒரே இடத்தில் என்று கேட்டார்.

"ஒரே கட்சி சார். இப்போ சண்டையே இல்லை," என்று பெருமையாகச் சொன்னேன்.

"நோ ஃபைட், ஆ?" என்று ஒரு வாய் கோப்பி குடித்தார். "தென் ஹூ செக்?"

சண்டை இல்லை என்றால் யார் பார்ப்பது என்று கேட்கிறாரே, கிழவருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன். பட்டியலை மாற்றச் சொல்லி அவர் உத்தரவு போடவில்லை. எனக்கு உறைக்கும் என்று நினைத்திருப்பார்.

அந்தக் குழுவில் காசிநாதன் இருந்தார். நாற்பத்தைந்து வயது, செல்வராசுவின் பக்கத்து ஊர், இரண்டாவது ரிகர். கட்டிய சுமையைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை அவருடையது. அவரை சிங்கப்பூருக்குக் கூட்டி வந்ததே செல்வராசு. அவர் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் செல்வராசு கட்சி வழியாகத்தான். நல்ல கண்ணுள்ள ரிகர். நான்கைந்து வருடம் முன்பு, மற்றவர்கள் தவறவிட்ட ஒரு விரிசலை ஒரு கொக்கியில் கண்டுபிடித்தவர்.

அன்று தூக்க வேண்டியது பம்ப் ஒன்றை உட்காரவைக்கும் இரும்புச் சட்டம். இரண்டு டன் இருக்கும். நான்கு மூலையும் கத்தி மாதிரி. துணிப்பட்டையால் கட்டித் தூக்கும்போது, கூர்மையான ஒவ்வொரு மூலையிலும் பழைய தீயணைப்புக் குழாயை வெட்டி, பட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு பட்டையை அறுத்துவிடும். நான்கு மூலைக்கு நான்கு துண்டு. செல்வராசுவின் பையில் மூன்று இருந்தது. ஸ்டோருக்குப் போய் வரப் பதினைந்து நிமிடம் ஆகும். மூன்று வெளியே தெரிகிற மூலைகளில் வைத்தார். கப்பல் பக்கம் இருந்த மூலை வெறுமையாக இருந்தது. காசிநாதன் சுற்றி வந்தார். தாளில் கையெழுத்துப் போட்டார்.

சட்டத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்தோம். அது விதி. அசையாமல் தொங்கினால் எந்தப் பட்டையும் தாங்கும். நான் கையைக் காட்டினேன். கிரேன் ஓட்டியவர் ரஹ்மத், பல வருடம் பழகிய மலாய்க்காரர். மெல்லத் தூக்கினார். அப்போது மேலே சாரத்திலிருந்து ஒரு குரல்.

"நிறுத்து, நிறுத்து. மூணுதான் இருக்கு."

ரஹ்மத் நிறுத்திவிட்டார். அண்ணாந்து பார்த்தேன். முருகேசன். சாரத்தின் கம்பியில் சாய்ந்துகொண்டு, படம் பார்க்க வந்தவர் போல் நின்றார். அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. திங்கட்கிழமை, சிக்னல்மேனின் சட்டையில் ஜிப் போடவில்லை என்று நிறுத்தினார். புதன்கிழமை, தடுப்பு நாடா ஒரு பக்கம் கீழே தொங்குகிறது என்று நிறுத்தினார். இரண்டும் விதிப்படி சரி. ஆனால் தன் வேலையை விட்டுவிட்டு அடுத்த கட்சிக்காரன் என்ன தப்பு செய்கிறான் என்று பார்ப்பதையே அவர் வேலையாக வைத்திருந்தார்.

"பாருங்கண்ணே, நாம ஒன்பது தூக்குறோம்னு அவனுக்கு எரியுது. கட்சிப் புத்தி," என்றார் செல்வராசு.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நாலடி நடந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கலாம். சுமை என் தலை உயரத்தில் தொங்கியது, மூலை கண்ணுக்கு நேரே தெரிந்திருக்கும். போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே, சுமை ஆடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த காசிநாதனைக் கேட்டேன்.

"காசி, எல்லாம் சரியா இருக்கா?"

காசிநாதன் மூலையைப் பார்க்கவில்லை. செல்வராசுவைப் பார்த்தார். "எல்லாம் சரிண்ணே," என்றார்.

நான் கையைக் காட்டினேன்.

கிரேன் சுமையைத் திருப்பும்போது பட்டை இரும்பில் அரைபட்டது. துணி கிழிகிற சத்தம்தான் கேட்டது, பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பக்கம் இறங்கி, தளத்தில் மோதி, சட்டம் சுழன்றது. காசிநாதன் கயிற்றை விட்டுவிட்டு ஓட முயன்றார். வலது கை கைப்பிடிக் கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவில் போயிற்று. அவர் கத்தவில்லை. "அண்ணே, கை, கை," என்று யாரிடமோ விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார். அந்தக் குரல் இன்னும் எனக்குள் இருக்கிறது.

இதற்குப் பிறகுதான் ஒத்துழைப்பு என்றால் என்ன என்பதை நான் முழுமையாகப் பார்த்தேன்.

செல்வராசு குழுவில் ஏழு பேர் வாக்குமூலம் எழுதினார்கள். ஏழிலும் ஒரே வாக்கியம். நான்கு துண்டும் கொடுக்கப்பட்டது, காசிநாதன் ஒன்றை வைக்கத் தவறிவிட்டார். ஒருவர்கூட ஒரு சொல்லை மாற்றிப் போடவில்லை. ஆஸ்பத்திரியில் காசிநாதனும் அதையே சொன்னார். ஆம், என் தவறுதான், நான்தான் வைக்கவில்லை. செல்வராசு பழங்களுடன் போய்ப் பார்த்திருக்கிறார். ஒத்துக்கொள், உன்னையும் உன் மகளையும் கட்சி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறார். அடிபட்டவரும் சேர்ந்து ஒத்துழைத்த குழு அது. சான்றிதழ் வீண் போகவில்லை.

விதியை மீறியவர் என்று பெயர் பதிவாகிவிட்டால் காசிநாதனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கை ஆறியதும் வேலை பெர்மிட் ரத்தாகும், விமானம் ஏற்றிவிடுவார்கள், எந்தப் பட்டறையும் திரும்ப எடுக்காது. இது தெரிந்துதான் நானும் என் அறிக்கையை எழுதினேன். எந்தப் பட்டை, எந்தக் கொக்கி, காற்றின் வேகம், ஒரு நிமிடச் சோதனை, எல்லாம் வரிசையாக, சுத்தமாக. முருகேசன் நிறுத்தச் சொன்னதை மட்டும் எழுதவில்லை. பொய் ஒன்றும் எழுதவில்லை பாருங்கள், ஒரு வரியை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். அப்படித்தான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் முருகேசன் என் மேசைக்கு வந்தார்.

"சார், ரிப்போர்ட்ல நான் நிறுத்துன்னு சொன்னது இருக்கா?"

"உன் வேலையைப் பாரு முருகேசா."

"அது இல்லாம எப்படி சார்? நான் சொன்னேன், ரஹ்மத் நிறுத்துனாரு, நீங்க கையைக் காட்டுனீங்க. மூணுதான் இருந்துச்சு. நாலு கொடுத்தேன்னு செல்வராசு சொல்றது பொய்."

"காசிநாதனே ஒத்துக்கிட்டாரு. அவரு உங்க கட்சியும் இல்ல. உனக்கு என்ன?"

"காசிக்காக வரல சார்," என்றார், ஒளிவு மறைவில்லாமல். "தப்பு பண்ணது செல்வராசு. அவன் தப்புன்னு எழுதியாகணும். காசி தப்புன்னு எழுதுனா செல்வராசு தப்பிச்சிருவான். அதை நான் விட மாட்டேன்."

அவருடைய கட்சிக்காரர்களே அவரைத் தடுத்தார்கள். அவர்களுக்குள் அடித்துக்கொண்டு சாகட்டும், நீ ஏன் சாட்சிக்குப் போகிறாய் என்றார்களாம். முருகேசன் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நேரே மிஸ்டர் லிம்மிடம் போய்ச் சொல்லிவிட்டார். பெருந்தன்மையால் நியாயம் கிடைக்கும் என்று இவ்வளவு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சில சமயம் கடுப்பிலும் கிடைக்கும்.

மிஸ்டர் லிம் எல்லோரையும் அதே இடத்துக்கு அழைத்தார். யார் யார் எங்கே நின்றோமோ அங்கே நிற்கச் சொன்னார். காசிநாதன் நின்ற இடத்தில் ஒரு தலைக்கவசத்தை வைத்தார். அறுந்த பட்டையைத் தரையில் நீட்டிப் போட்டு, அதன் ஓரமாக நடந்தார், கோப்பியோடு. பிறகு செல்வராசுவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கவில்லை. ரஹ்மத்தைக் கேட்டார்.

"ரஹ்மத், ஹுக் கோ அப் நான்-ஸ்டாப், ஆர் ஸ்டாப்?"

ரஹ்மத் தொண்டையைச் செருமினார். "ஸ்டாப் ஒன் டைம், பாஸ். தென் சூப்பர்வைசர் ஷோ ஹேண்ட், ஐ கோ."

மிஸ்டர் லிம் என்னை அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். என் அறிக்கையைப் புரட்டி, ஒரு வெள்ளைத் தாளை அதன் மேல் வைத்து, பேனாவைத் திறந்து வைத்தார். "ரைட் அகெய்ன். ஐ கோ டிரிங்க் கோப்பி," என்றார். கோப்பி அவர் விரலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தலைக்கு மேலே என் சான்றிதழ் மாட்டியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பயம்தான் அதிகம் என்று ஒப்புக்கொள்கிறேன். மனிதவள அமைச்சிலிருந்து அதிகாரிகள் வருவார்கள், வேலை போகலாம், கோர்ட்டுக்கும் போகலாம். வீட்டுக் கடன் இருந்தது, இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன். முருகேசன் நிறுத்தச் சொன்னார், கிரேன் நின்றது, நான் போய்ப் பார்க்காமல் கையைக் காட்டினேன். மூன்று வரி. மிஸ்டர் லிம் திரும்பி வந்து நின்றபடியே வாசித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சாப்டாச்சா?" என்றார்.

என்னை ஒரு வருடம் தூக்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஸ்டோரில் பட்டைகளைச் சோதித்து வண்ண நாடா ஒட்டிக்கொண்டிருந்தேன். செல்வராசு வேறு பட்டறைக்குப் போனார். அங்கும் கேசரி கிண்டுவதாகக் கேள்விப்பட்டேன். காசிநாதன் பெயரிலிருந்து குற்றம் நீங்கியது. கை ஆறியதும் ஸ்டோரிலேயே அவருக்கு வேலை போட்டுக் கொடுத்தார் மிஸ்டர் லிம். ஆகவே அந்த ஒரு வருடமும் நானும் அவரும் எதிரெதிர் மேசை. அவர் இடது கையால் எழுதப் பழகுவதை எட்டு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதைவிடக் கோர்ட் பரவாயில்லை என்று சில நாள் தோன்றியிருக்கிறது. அந்த வருடம் முழுக்க அவர் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பெயர்ப் பட்டியலை மிஸ்டர் லிம் தானே எழுதினார். கட்டுகிறவர் ஒரு கட்சி, சரிபார்க்கிறவர் எதிர்க்கட்சி. எல்லாக் குழுவிலும் அப்படியே. நான் திரும்பி வந்தபோதும் அதை மாற்றவில்லை. பார்க்கச் சகிக்காது. ஒருவர் முடிச்சுப் போட்டால் அடுத்தவர் டார்ச் அடித்துப் பார்ப்பார். இவர் அவருக்குத் தொழில் தெரியாது என்பார், அவர் இவர் தலைவருக்கு எதுவுமே தெரியாது என்பார். ஒரு கொக்கியை நான்கு கண் பார்க்கும், இரண்டு வாய் திட்டும். ஒன்பது சுமை ஆறாகக் குறைந்தது. ஒத்துழைப்புக்கான பரிசு அதன் பிறகு எங்கள் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. ஆனால் யாருக்கும் விரல் போகவில்லை.

போன வருடம் காசிநாதன் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பினார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, விடுமுறையில் நம் ஆட்கள் கூடும் தேக்காவுக்கு வரச் சொல்லியிருந்தார். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. புல்வெளியில் ஆயிரம் பேருக்கு நடுவே இருவரையும் தேடிப் பிடிக்க நேரமாயிற்று. ஆமாம், இருவர். முருகேசனும் உட்கார்ந்திருந்தார். நடுவில் பிரியாணிப் பொட்டலம்.

"இவன் கட்சி இந்தத் தடவை டெபாசிட் வாங்காதுண்ணே," என்றார் காசிநாதன், என்னைப் பார்த்ததும்.

"உன்னைக் கைவிட மாட்டோம்னு சொன்னாங்களே, எங்க உன் கட்சி? ஏர்போர்ட்டுக்குக் கொண்டு விடக்கூட ஒருத்தன் வரல, நான்தான் வர்றேன்," என்றார் முருகேசன். பேசிக்கொண்டே பொட்டலத்தின் ரப்பர் பேண்டை எடுத்துவிட்டு, இலையைக் காசிநாதன் பக்கம் திருப்பி வைத்தார். முட்டையைப் பிய்த்துப் போட்டார்.

இத்தனைக்குப் பிறகும் அந்தக் கட்சிதானா என்று காசிநாதனைக் கேட்டேன்.

"கட்சி என்னண்ணே பண்ணுச்சு, செல்வராசு பண்ணான்," என்றார். முருகேசன் தலையில் அடித்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடிந்தது. முருகேசன் தண்ணீர் வாங்கப் போனார். காசிநாதன் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஸ்டோர்ல கேக்க முடியல, நீங்க எனக்கு மேல இருந்தீங்க. இப்ப நானும் போறேன்."

"கேளுங்க காசி."

"அன்னைக்கு முருகேசன் கத்துனப்ப, மூலையில ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடும்போதே தெரியும். செல்வராசு மூஞ்சியைப் பார்த்தேன், சரின்னுட்டேன். நான் கட்சிக்காகச் சொன்னேன். நீங்க எந்தக் கட்சிக்காகண்ணே கையைக் காட்டுனீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அரசியல் கிடையாது என்கிற பழைய பதில் வாய் வரை வந்தது. அதை அவர் கையைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"செல்வராசு கட்சிக்குத்தான் காசி," என்றேன்.

அவர் மீதியிருந்த இரண்டு விரலால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அப்ப நாம ஒரே கட்சிதாண்ணே. முருகேசன்கிட்ட சொல்லாதீங்க, அவன் விட மாட்டான்."